வெளிநாட்டில் ஆளில்லாத ஊர்கள்: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் எங்கும் இயங்கும் ஊர்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறவள் எழுதுகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது உங்கள் காசு வந்து சேர்ந்த வேகத்தைக் கண்ணால் கண்டவள். நட்டக் கணக்கு எடுக்கும் படிவம் கிராம அலுவலரின் கைக்கு வருமுன்னரே நீங்கள் வாங்கித் தந்த பாயும் பால்மாவும் பாடசாலை வாசலில் இறங்கிவிட்டன. அதற்கு நன்றி. ஆனால் இந்த மடல் ஒரு முறைப்பாடு.

எந்த ஊருக்கு வெளிநாட்டில் ஆள் இருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் உங்கள் காசு வருகிறது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் ஒரு வாய்க்கால். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்து ஊருக்கு மூன்று நாடுகளில் சங்கம் இருக்கிறது. ஒரே கிழமையில் மூன்று லொறி வந்தது. மூன்றிலும் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை, ரின்மீன், சவர்க்காரம். மூன்றுக்கும் தனித்தனிப் பதாகை, பொதியை நீட்டுகிற கையும் வாங்குகிற கையும் தெரியத் தனித்தனிப் படம். மூன்றாவது பொதியை வாங்கிய வீடுகளில் அதை வைக்க ஈரமில்லாத இடம்கூட இருக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இடுப்பளவு வெள்ளம்தான். அங்கிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம், "எங்க பக்கத்துக்கு எப்ப புள்ள பேரு எழுத வருவாங்க?" என்று கேட்டார். பெயர் எழுத வருகிறவர்கள் அரசாங்கத்து ஆட்கள் இல்லை, உங்கள் பக்கத்துக்குச் சங்கம் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1958 கலவரத்துக்குப் பிறகும், எழுபதுகளின் பஞ்சத்தாலும், 1977இலும் 1983இலும் அடிபட்டும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள். காந்தியம் அமைப்பு குடியேற்றியவர்களும் உண்டு, தாமாக வந்து காடு வெட்டியவர்களும் உண்டு. உங்கள் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலிக்கு நின்றவர்கள். யுத்தம் அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை ஒரே பாதையால் நடந்தோம், மனிக் பாம் முகாமில் ஒரே தறப்பாளின் கீழ் இருந்தோம். அவர்கள் வெளிநாடு போகவில்லை என்பதுதான் வித்தியாசம். ஏஜென்சிக்குக் கட்ட விற்கக் காணி வேண்டும், ஈடு வைக்க நகை வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் இங்கேயே நின்றார்கள். ஆக, காணியும் நகையும் இருந்தவனுக்குத்தான் நிவாரணமும் போகிறது. ஊர் என்று நாம் சொல்வதற்குள் சாதியும் இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஊர்ப் பெயரில் ஏன் இரண்டு சங்கம் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்.

பொதி போகட்டும். பத்து நாளுக்குரிய சாப்பாட்டை அயலவர்களே எப்படியோ பார்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் சங்கம் இல்லாதவர்களின் கஷ்டம் தொடங்குகிறது. ஐப்பசியில் விதைத்த காலபோக நெற்பயிர் கார்த்திகை வெள்ளத்தில் அழுகிப்போனால் வயற்காரருக்கு ஏக்கர் கணக்கில் நட்டஈடு கேட்க ஒரு வழி இருக்கிறது. தாமதமாக வரும், குறைவாக வரும், ஆனாலும் கேட்கலாம். அதே வயலில் களை பிடுங்கி, அறுவடைக்கு அருவி வெட்டுகிறவர் எந்தப் படிவத்தை நிரப்புவார்? அவருக்கு அழிந்தது பயிர் இல்லை, தை மாசி மாதத்துக் கூலி. அடுத்த விதைப்பான சிறுபோகம் வரும்வரை, கிழமைக்குக் கிழமை தவணை வாங்குகிற கடன்காரர் வாசலில் வந்து நிற்பார். உங்கள் சங்கங்களில் ஒன்றாவது மாசி மாதத்தில் காசு அனுப்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த மாதத்தில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது என்பதும் காரணமாக இருக்கலாம்.

மலையகத்தையும் இதே கண்ணால் பாருங்கள். டித்வா நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் கொன்றது. பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் மலை சரிந்து விழுந்தது. இது முதல் தடவை இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்களில் பல குடும்பங்கள் கைவிடப்பட்ட ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஏறத்தாழ இரண்டு வருடம் இருந்தன. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்ட என்று சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இருக்கவில்லை. பதுளைக்கு ரொறன்ரோவில் எத்தனை ஊர்ச் சங்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

இது அரசாங்கத்தின் வேலை என்பீர்கள். அரசாங்கத்தின் வேலைதான். சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று பொதுக்கட்டமைப்பில் கையெழுத்து வைத்தார்கள். மூன்று வாரத்தில் உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வந்தது, அடுத்த வருடம் யுத்தம் வந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்ட ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி)தான் இன்று ஆளும் கூட்டணியின் தலைமைக் கட்சி. அவர்களிடம் கேட்க வேண்டியதை இங்கே நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எங்களுக்குள்ளேயே பங்கிட எங்களுக்கு எந்த நீதிமன்றமும் தடை போடவில்லையே.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு அனர்த்தத்துக்கும் நீங்கள் சேர்க்கிற காசில் காற்பங்கை, சங்கம் இல்லாத இடங்களுக்கென்று ஒரு பொதுக் கணக்கில் போடுங்கள். யாருக்கு என்பதை நீங்கள் அங்கிருந்து வட்ஸ்அப்பில் தீர்மானிக்க வேண்டாம். இங்கே மாதர் சங்கங்கள் இருக்கின்றன, மீனவர் சமாசம் இருக்கிறது, கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கணக்கைக் கேளுங்கள், பற்றுச்சீட்டைக் கேளுங்கள், படம் மட்டும் கேட்காதீர்கள். ஊருக்கென்று சேர்த்த காசை வேறிடம் கொடுக்கச் சங்க விதிகளான யாப்பில் இடமில்லை என்று ஒரு செயலாளர் தொலைபேசியில் சொன்னார். யாப்பை எழுதியது நீங்கள்தானே, அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

இன்னொன்று இருக்கிறது, இது காசைவிடக் கஷ்டமானது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் சில முப்பது நாற்பது வருடமாக இருக்கிற காணியின் உறுதி இன்னொருவர் பெயரில் இருக்கிறது. அந்த இன்னொருவர் வெளிநாட்டில். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா வந்தபோது, காணிப் பத்திரம் இல்லாத காரணத்தால் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் இவர்கள். வீடு இல்லாததால் வெள்ளத்தில் தறப்பாள் கொட்டில்தான் போனது. கொட்டிலுக்கு நட்டஈடு கேட்டால் மறுபடியும் காணிப் பத்திரம் கேட்கிறார்கள்.

உங்கள் அங்கத்தவர்களில் இப்படிக் காணி உள்ளவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து குடியிருக்கப்போகிறவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இனி வரமாட்டோம் என்று தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். ஐந்து ஏக்கரில் கால் ஏக்கரை, அதில் குடியிருக்கிறவரின் பெயருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? அதற்காக விமானம் ஏறி வர வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில், உங்கள் சார்பில் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி இங்குள்ள ஒருவருக்கு அனுப்பினால் போதும். நில அளவையாளரின் செலவையும் நொத்தாரிசுக் கட்டணத்தையும் அந்தப் பொதுக் கணக்கிலிருந்து கொடுக்கலாம். விருப்பமுள்ளவர்களின் பெயரையும் காணி இருக்கும் கிராம அலுவலர் பிரிவையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள்.