சீலம்பூர் போய் வந்தேன்

அன்புள்ள முரளி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்குத்தான் டெல்லிக் குளிர் ஒத்துவரவில்லை. பட்டாபி மறுபடி வேலையை விட்டுவிட்டானாமே? சரி, அவன் கதை அப்புறம்.

உன் மாணவர்கள் மின்கழிவுத் தொழிலாளியின் ஒரு நாளை, கண்ணில் மாட்டினால் அங்கேயே நிற்பதுபோல் காட்டும் விஆர் கண்ணாடியில், ஓர் ஆட்டமாகக் காட்டப்போகிறார்கள், இங்கே டெல்லியில் பழைய மின்சாமான்களைப் பிரிக்கும் சீலம்பூரைப் பார்த்துவிட்டு எழுது என்றாயே. போனேன். சந்து முழுக்கப் பழைய கம்ப்யூட்டர் போர்டுகள், மூட்டை மூட்டையாக. ஓர் இளைஞன் போர்டை அடுப்பில் காட்டுகிறான். ஈயம் இளகியதும் குறடால் ஐசி சில்லுகளைப் பிடுங்கி ரகவாரியாக டப்பாவில் போடுகிறான். எது விலைபோகும், எது குப்பை என்று தடவியே சொல்கிறான். முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. எனக்கோ சற்று நேரத்திலேயே தொண்டை எரிந்தது. கிளம்பும்போது அவன் கேட்டது ஒன்றுதான்: “வீட்டில் பழைய லேப்டாப் இருக்கா? நல்ல விலை தரேன்.”

உன் கண்ணாடியில் அந்தப் புகை வராது. பார்ப்பவன் ‘ஐயோ பாவம்’ என்பான், கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போவான். உன் பழைய நாடகத்துக்கு அழுத கூட்டம் மாதிரிதான்!

ஒரு போன் எப்படி உருவாகிக் குப்பையாகிறது என்று காட்டும், 2011-இல் வந்த ‘போன் ஸ்டோரி’ என்ற போன் விளையாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டு. வந்த சூட்டிலேயே ஆப்பிள் அதைத் தன் ஆப் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டது. அதில் காங்கோவில் போனுக்கு வேண்டிய கோல்டான் என்ற தாதுவைத் தோண்டும் குழந்தை அசந்தால், துப்பாக்கிக்காரனை வைத்து மிரட்டுவது ஆடுகிற நாம்தான். சீனத் தொழிற்சாலை மாடியிலிருந்து குதிப்பவர்களை வலையில் பிடிப்பதும் நாம்தான். பாகிஸ்தானின் மின்கழிவுக்கும் ஒரு கட்டம் உண்டு. எங்கேயும் நம்மை நல்லவனாக விடாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

அதனால் உன் ஆட்டத்தில் மாணவனைத் தொழிலாளி ஆக்காதே, சரக்கு எடுக்கும் வியாபாரி ஆக்கு. புகைபோக்கி வைத்தால் கிலோவுக்கு லாபம் குறையட்டும், வைப்பானா பார்ப்போம். 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மிச்சத்துக்கு யாரோ விலை பேசத்தானே செய்கிறார்கள்?

இன்னொன்று. 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள நம் நாட்டு மின்கழிவு விதிப்படி, மின்சாமான் தயாரிக்கும் கம்பெனிகள் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் இந்தச் சந்துக்காரன் எங்கே வருகிறான்? சரக்கெல்லாம் ஆலைக்குப் போனால் அவன் அடுப்பு அணையும், சோற்றுக்கு? அந்தக் கேள்வியையும் ஆட்டத்தில் வை, இல்லாவிட்டால் நான் சும்மா விடமாட்டேன்.

பிள்ளைகள் வந்தால் என் வீட்டிலேயே தங்கட்டும். முதல் நாள் மட்டும் கேமரா வேண்டாம். ரெய்டு என்று நினைத்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

அன்புடன்,
ரகு