வகுப்பில் தங்கம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விடும் பொறுப்பு என்னுடையது. அதனால்தான் தாமதம். அம்மா நலம். "இந்தச் சுவர் இத்தனை நாளாக இவ்வளவு அழுக்காகவா இருந்தது?" என்று கேட்கும் அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. உன் இடமாற்றம் மறுபடியும் தள்ளிப்போனது கேட்டு வருத்தப்பட்டேன். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

உன் மகன் வீட்டில் மட்டும் அடங்காமல் ஆத்திரப்படுவதைப் பற்றி நீ எழுதியிருந்ததை மூன்று முறை படித்தேன். "பள்ளியில் கேட்டால் தங்கமான பையன் என்கிறார்கள். அப்படியானால் தப்பு என்னிடம்தானே?" என்று முடித்திருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினேழு வருடமாக ஆசிரியையாக இருந்து, நானே எத்தனையோ அம்மாக்களிடம் "வகுப்பில் ஒரு தொந்தரவும் இல்லையே, நல்ல பிள்ளையாயிற்றே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாராட்டுகிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு தாய் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே "அப்படியா டீச்சர்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போன வருடம் என் மகளின் ஆசிரியை அதே வாக்கியத்தை என்னிடம் சொன்னபோது, என் கையும் பைவாரைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தது.

சின்னவளுக்கு ஒன்பது வயது. பள்ளி நாட்குறிப்பில் "மிகவும் பொறுப்பான மாணவி" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அந்தப் பொறுப்பான மாணவி வாசலில் வைத்தே ஒரு ஷூவைச் சுவரில் எறிவாள். மற்றொன்று என் பக்கம் வரும். "என்னம்மா ஆயிற்று?" என்றால் "பேசாதே" என்பாள். பேசாமல் இருந்தால் "உனக்கு என்மேல் அக்கறையே இல்லை" என்பாள். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி. நான் வேண்டாம் என்றதை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்வாள். என் மாமியார் இதற்கு "வீட்டில் புலி, வெளியில் எலி" என்று பெயர் வைத்தார். கூடவே "அடியாத மாடு படியாது" என்ற மருந்தையும் சொன்னார். ஒரு நாள் அதையும் செய்து பார்த்தேன், மறைப்பானேன். மாடு படியவில்லை, எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கம் போனது.

சின்னவளுக்காக ஒரு மனநல ஆலோசகரிடம் போனபோது நான் கேட்டதும் நீ கேட்டதேதான். அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். இதற்கு ஓ.டி.டி. (Oppositional Defiant Disorder) என்று ஒரு பெயர் உண்டு. எதிர்த்து மீறும் நடத்தைக் கோளாறு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் எட்டு அறிகுறிகள் இருக்கின்றன. அடிக்கடி சீறுவது, பெரியவர்களோடு வாதாடுவது, வேண்டுமென்றே எரிச்சலூட்டுவது, தன் தவறைப் பிறர்மேல் போடுவது, இப்படி. அவற்றில் குறைந்தது நான்கு அறிகுறிகள் ஆறு மாதமாவது தொடர்ந்து, வயதுக்கு மீறிய அளவில் இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களோடு போடும் சண்டை மட்டும் இருந்தால் அது கணக்கில் வராது. (பெரியவனும் இவளும் போடும் சண்டையைக் கழித்துவிட்டால் பாதிச் சத்தம் குறைந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன்.) உனக்கு முக்கியமானது இனிதான் வருகிறது: இந்த நடத்தை வீட்டோடு மட்டும் நிற்பது அபூர்வமில்லை என்று அந்தக் கையேடே சொல்கிறது. ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் லேசானது என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த "லேசான" என்ற சொல்லைப் போட்டவர் எங்கள் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆசிரியர் சொல்வதும் பெற்றோர் சொல்வதும் ஒத்துப்போகாததில் ஆச்சரியமே இல்லையாம். 1987-இல் ஆக்கன்பாக் என்ற உளவியலாளரும் உடன் வேலை செய்தவர்களும் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே குழந்தையைப் பெற்றோரும் ஆசிரியரும்போல வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கிறவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.28தான், முழுப் பொருத்தம் என்றால் 1 வர வேண்டும். அம்மாவும் அப்பாவும்போல ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கே 0.60தான் வந்தது. மிச்சமிருப்பதை வைத்துத்தான் நானும் இவரும் தினமும் இரவு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம் போலிருக்கிறது.

பிறகு ஆலோசகர் கேட்டார்: "பள்ளியில் நல்லவளாக இருக்க அவளுக்கு எவ்வளவு செலவாகிறது?" எனக்குப் புரியவில்லை. நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். கணக்கு நோட்டை விரித்து ஒரு தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எழுதி அழித்து, எழுதி அழித்து, தாள் வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது. இரண்டு இடத்தில் ஓட்டை. கடைசியாக எழுதியிருந்த விடை மட்டும் அச்சடித்ததுபோல அழகாக இருந்தது, பக்கத்தில் சரி என்று ஆசிரியையின் குறி. நான் தினமும் நாற்பது நோட்டுத் திருத்துகிறவள். இந்த நோட்டிலும் வீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விடையைத்தான் பார்த்தேன், தாளைப் பார்க்கவில்லை.

தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தை ஏழு மணி நேரம் அடக்கி வைத்துக்கொண்டு வந்து, வாசலில் கொட்டியிருக்கிறாள். அதனால் இப்போதைக்கு ஓ.டி.டி. என்று எழுத வேண்டாம், முதலில் இந்தப் பதற்றத்தைப் பார்ப்போம் என்றார். தூக்கம், காது கேட்பது, வாசிப்பில் ஏதாவது சிக்கல், கவனக் குறைபாடு எல்லாவற்றையும் விசாரித்தார். இவற்றில் எது இருந்தாலும் வெளியே சமாளித்துவிட்டு வீட்டில் வெடிக்கிற பிள்ளைகள் உண்டாம்.

அப்பாடா, தப்பு என்மேல் இல்லை என்று எழுந்துவிடப் பார்த்தேன். அவர் விடவில்லை. "குளிக்கப் போகச் சொல்லும்போது என்ன நடக்கிறது? வரிசையாகச் சொல்லுங்கள்." சொன்னேன். அடுக்களையிலிருந்து "குளிக்கிறாயா?" என்பேன். பதில் வராது. ஆறேழு முறை சொல்வேன், ஒவ்வொரு முறையும் குரல் ஏறும். பிறகு கத்துவேன். அவள் என்னைவிடப் பெரிதாகக் கத்துவாள், கதவை அறைவாள். "எக்கேடோ கெட்டுப் போ" என்று நான் விட்டுவிடுவேன். வீடு அமைதியாகும். "இதில் யாருக்கு என்ன கிடைத்தது?" என்றார். யோசித்தால், அவளுக்குக் குளியலிலிருந்து விடுதலை, எனக்கு அமைதி. இருவரும் அன்றைக்கு ஒரு பாடம் படித்துவிட்டோம், மறுநாள் அதையே இன்னும் வேகமாகச் செய்வோம். அமெரிக்காவில் ஆரிகன் பகுதியில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களைப் பல வருடம் கவனித்து விளக்கிய சுழல் இதுதானாம். பிறவிக் குணமும் பெற்றோரின் களைப்பும் சேர்ந்து சுற்றும் சுழல் இது. ஒருவர்மேல் மட்டும் பழி போட முடியாது, ஆனால் பெரியவர்தான் முதலில் நிறுத்த முடியும்.

ஆகவே பயிற்சி எனக்கும் இவருக்கும்தான். சின்னவள் இரண்டு முறைதான் வந்தாள். "குளிக்கிறாயா?" என்பது கேள்வி, அதற்கு "இல்லை" என்பதும் ஒரு பதில்தானே? இப்போது பக்கத்தில் போய், சாதாரணக் குரலில், "குளிக்கும் நேரம், எழுந்திரு" என்று ஒரு முறை சொல்கிறேன், பிறகு வாயை மூடிக்கொள்கிறேன். என் பதினேழு வருட வகுப்பறை அனுபவத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்ததில்லை. எழுந்தால் உடனே அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். பள்ளி விட்டு வந்த முதல் அரை மணி நேரம் கேள்வியும் கிடையாது, கட்டளையும் கிடையாது. தினம் பத்து நிமிடம் அவள் சொல்லும் விளையாட்டு. திருத்தக் கூடாது, கற்றுக்கொடுக்கக் கூடாது. டீச்சருக்கு இது தண்டனை!

முதல் இரண்டு வாரம் நிலைமை மோசமானது. பழைய சத்தம் பலிக்காதபோது சத்தம் கூடும் என்று அவர் முன்பே சொல்லிவைத்திருக்காவிட்டால் விட்டிருப்பேன். இப்போது ஐந்து மாதம். வாரத்தில் இரண்டு நாள் ஷூ இன்னும் பறக்கிறது. ஆனால் என் பக்கம் வருவதில்லை. கதவு அறைவது குறைந்திருக்கிறது. கணக்கு நோட்டில், அவளுடைய ஆசிரியையிடம் பேசியபின், அழிப்பதற்குப் பதில் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறோம். முதல் கோட்டைப் போட அவளுக்கு நான்கு நாள் ஆனது.

உன் மகனுக்கும் இதேதான் என்று சொல்லவில்லை. அவன் சாமான்களை எறிகிறான், உன்னையும் அடிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அதைத் தள்ளிப்போடாதே, குழந்தை மனநல மருத்துவர் ஒருவரிடம் போ. போவதற்குமுன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வை: எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எப்படி முடிந்தது. முடிவைக் கட்டாயம் எழுது, அதைத்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுவோம். உன் வீட்டுக்காரர் "என்னிடம் அப்படிச் செய்வதில்லையே" என்கிறார் என்றாய். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் யார் குளிக்கச் சொல்லிச் சண்டை போடுவது? ஒரு வாரம் மாலைப் பொறுப்பை அவரிடம் விட்டுப் பார். கோபத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். மருத்துவரிடமும் இருவருமாகப் போங்கள்.

நோட்டில் எழுதியதை விருப்பமிருந்தால் எனக்கும் அனுப்பு. அம்மா சொட்டு மருந்துக்குக் கூப்பிடுகிறாள், எழுந்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி