வேகன் கேட்டால் எஸ்யூவி காட்டுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்டேன். வீடு, வேலை, மகனுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒருவழியாக அமைந்துவிட்டன. அமையாமல் இழுத்தடித்தது கார் ஒன்றுதான்; நான் விரும்பிய வேகன் வகைக் கார் இங்கே கிடைக்கவில்லை. நம் மாவட்டத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்கள் நிறைய. அவர்களில் சிலருக்காவது இதே கேள்வி வந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அங்கே நான் ஓட்டியது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காம்பி. ஆர்எஸ் என்பது அந்தக் காரின் வேகமான ரகம், காம்பி என்றால் வேகன். நீல நிறம், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 220 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். நம் ஊரில் இந்த வகையைப் பார்த்தே இராதவர்களுக்குச் சொல்கிறேன். வேகன் என்பது சாதாரண கார்தான். கூரை மட்டும் பின்பக்கம் வரை அப்படியே நீண்டு போகும், பின்கதவு மொத்தமாக மேலே திறக்கும். உட்காரும் உயரமும், சாலையோடு ஒட்டி ஓடும் தன்மையும் காருடையவை; கொள்ளும் சாமான் வேனுக்கு ஈடு. என் வண்டியில் பின்இருக்கையை மடக்காமலே 610 லிட்டர் இடம், மடக்கினால் 1,740 லிட்டர். அலமாரிப் பலகை, மகனின் சைக்கிள், வாரம் முழுவதற்குமான மளிகை என்று எதற்கும் அது இடம் இல்லை என்று சொன்னதில்லை.

அதே வண்டி ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகும் ஏ8 நெடுஞ்சாலையில், ஆல்ப் மேட்டில் ஏறும் வளைவுகளில், பின்னால் அவ்வளவு நீளம் இருப்பதையே மறக்கடிக்கும். மூன்றாவது கியரில் மேட்டை இழுத்துக்கொண்டு போகும்போது ஸ்டியரிங்கில் வரும் அந்த உறுதியை நான் மிகவும் நேசித்தேன். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நாற்பது வயதுப் பெண் காரை நேசிக்கக் கூடாதா என்ன?

வேகமான வேகன் என்பது ஐரோப்பாக்காரர்களுக்குப் புதுமையே இல்லை. 1994-இல் ஆடியும் போர்ஷேயும் சேர்ந்து ஆர்எஸ்2 என்ற 315 குதிரைத்திறன் வேகனைக் கொண்டுவந்தன. அதே வருடம் இங்கிலாந்தின் டூரிங் கார் பந்தயத்தில் வோல்வோ நிறுவனம் தன் 850 எஸ்டேட் வண்டியை இறக்கியது. எஸ்டேட் என்பது வேகனுக்கு அங்கே உள்ள பெயர். சாமான் ஏற்றும் வண்டி பந்தயத் தளத்தில் ஓடியதைப் பார்த்த தலைமுறை, குடும்பம் பெருத்ததும் ஓட்டும் ஆசையை மூட்டை கட்டி வைக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டது.

"அந்த வண்டியையே கொண்டு வந்திருக்கலாமே" என்று கேட்காத ஆளில்லை. முடியாது. பழைய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது உற்பத்தியாகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். என் வண்டிக்கு வயதும் கூட, ஸ்டியரிங்கும் இடப்பக்கம். எல்லாம் சரியாக இருந்தாலும் வரியே வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். வெளிநாட்டிலிருந்து திரும்ப நினைக்கிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கடைசி வாரத்தில் அவசரப்பட்டு விற்காமல் நிதானமாக நல்ல விலைக்கு விற்பது நல்லது. நான் ஒரு இளம் தம்பதிக்கு விற்றேன். கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பின்கதவைத் திறந்து தள்ளுவண்டியை வைத்துப் பார்த்தவுடனேயே அவர்கள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

இங்கே வந்ததும் ஷோரூம்களுக்கு நடந்தேன். எனக்கு வேண்டியதைத் தெளிவாகத்தான் சொன்னேன்: தாழ்வான வண்டி, நீளமான சாமான் இடம், நல்ல எஞ்சின், வளைவில் சாயாமல் போக வேண்டும். எல்லா இடத்திலும் உயரமான எஸ்யூவியைத்தான் காட்டினார்கள். ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன் நான் சொல்வதைப் பாதி கேட்டுவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்றான். எஞ்சினைப் பற்றி நான் கேட்ட கேள்விக்குக் கூட வந்த என் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னான். அந்த ஷோரூமின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் கார் வாங்க வருகிற பெண்ணுக்கு நேராகப் பதில் சொல்லப் பழகுங்கள் என்று எல்லா ஷோரூம்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டிலும் கதை வேறில்லை. என் பழைய வண்டியின் படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏட்டி, ஆம்புலன்ஸ் மாதிரில்லா இருக்கு. இதுக்கா இவ்வளவு ஏங்குத?" என்றார். கோபப்படவில்லை நான். அவர் தலைமுறைக்கு டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு இருந்தால்தான் கார். கூரை நீண்டால் அது வாடகை வண்டி, இல்லையென்றால் ஆஸ்பத்திரி வண்டி. இந்த எண்ணம்தான் இந்தியாவில் வேகனைப் பாதி கொன்றது.

ஏனென்றால் வேகன் இங்கே வராமல் இல்லை. டாடா எஸ்டேட் 1992-லேயே வந்தது. அப்புறம் மாருதி பலேனோ ஆல்டூரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், டாடா இண்டிகோ மரீனா, ஆக்டேவியா காம்பி என்று வரிசையாக வந்தன. ஒன்றும் நிலைக்கவில்லை. அதே பெயருள்ள செடானைவிட, அதாவது டிக்கி தனியாகத் துருத்தும் காரைவிட, விலை கூட வைத்தார்கள். மக்களோ அதைச் செடானைவிடக் குறைவான கௌரவமாகப் பார்த்தார்கள். ஆல்டூராவில் 1.6 லிட்டர் எஞ்சின். அந்தக் காலத்தில் அது சுறுசுறுப்பான வண்டி. இன்று ஒன்று நல்ல நிலையில் கண்ணில் பட்டால் நின்று பார்க்கத் தோன்றுகிறது.

மீதிப் பாதியைக் கொன்றது வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அதிலிருந்து இந்தியாவில் கார் வரைகிறவர்களின் கையில் நான்கு மீட்டர் அளவுகோல்தான். நீளத்துக்கு வரி என்றால் நிறுவனம் என்ன செய்யும்? உயரத்தைக் கூட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டியிலும் அந்த நான்கு மீட்டர் கோடு அப்படியே இருக்கிறது. கோட்டுக்கு உள்ளே, எஞ்சினும் சிறிதாக இருந்தால் 18 சதவீதம், இல்லையென்றால் 40. நீளம்தான் வேகனின் உயிர். அதைத் தண்டித்துவிட்டு வேகன் வரவில்லையே என்றால் எப்படி வரும்?

ஆக்டேவியா ஆர்எஸ் கூட இங்கே வந்திருக்கிறது. முதலில் 2004-இல், பிறகு 2017-இலும் 2020-இலும். கடைசியாக 2025 அக்டோபரில் நூறே நூறு வண்டிகள், ஷோரூம் விலையே ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. அந்த வண்டியும் காம்பி வடிவில் வரவில்லை. ஓட்டும் சுகத்துக்கு இவ்வளவு பணம் கொடுக்க நூறு பேர் வரிசையில் நிற்கிற நாட்டில், அதே வண்டியின் நீளக் கூரை வடிவத்துக்கு ஆளே இருக்காது என்று முடிவு கட்டியது யார்?

நான் வேகன் கேட்பது ஜெர்மனி நினைப்பில் அல்ல, நம் ஊர்ச் சாலைகளை நினைத்துத்தான். ஆனி, ஆடியில் நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஓட்டிப் பாருங்கள். நாங்குநேரி, வள்ளியூர் வரை தொல்லையில்லை. பணகுடி தாண்டிக் காவல்கிணறு வந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? உயரமான வண்டிக்குப் பக்கச் சுவர் பெரிது, எடையும் மேலே. ஒவ்வொரு அறைக்கும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். தம்பியின் எஸ்யூவியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது, பின்னால் அவர் கைப்பிடியை விடவே இல்லை. புளியரை தாண்டி ஆரியங்காவு ஏறும் மலைப்பாதையும் அப்படித்தான். வளைவுக்கு வளைவு உயரமான வண்டி சாயும், உள்ளே இருப்பவர்களும் சாய்வார்கள், பின்சீட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். தாழ்வான வண்டியில் இது நன்றாகக் குறையும். எடை கீழே இருந்தால் சாய்வு குறைவு. காற்றைக் கிழிக்கும் முகப்பு சிறிதானால் எரிபொருள் செலவும் குறைவு.

சாமானுக்கு வருகிறேன். அப்பாவின் சக்கர நாற்காலியைத் தினமும் ஏற்றி இறக்குவது என் அம்மா. எஸ்யூவியில் டிக்கி வாசல் கிட்டத்தட்ட இடுப்பு உயரம். அவ்வளவு உயரத்துக்குத் தூக்க அம்மாவால் முடியாது. வேகனில் அது தொடை உயரம்தான். பத்தமடையில் கல்யாணத்துக்கு வாங்கும் கோரைப்பாயைச் சுருட்டி நீளவாக்கில் வைக்க வேண்டும். களக்காட்டுத் தோட்டத்திலிருந்து வாழைத்தாரும் இலைக்கட்டும் வரும். காருகுறிச்சிப் பானை வாங்கினால் கவிழாமல் வைக்கத் தட்டையான தளம் வேண்டும். நம் சாமான்கள் எல்லாமே நீளமும் பரப்பும் கேட்பவை. மூன்றாவது வரிசை இருக்கை நிமிர்த்திவிட்டால் எஸ்யூவியில் ஒரு பயணப்பெட்டிக்கு மேல் போகாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருப்பது கஷ்டம். அம்மாவே அதைச் சொல்கிறாள். வேகத்தடைப் பிரச்சினையும் உண்மை. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அந்த அளவில் போட்டால் எந்தக் காரின் வயிறும் உரசாது. நம் கிராமச் சாலைகளில் இருப்பவை பல இடத்தில் ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. மக்கள் எஸ்யூவிக்கு ஓடுவதற்குப் பெரிய காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். வேகத்தடையை அளவோடு போட்டால் ஆம்புலன்ஸில் போகும் நோயாளியும் நன்றி சொல்வார்.

கடைசியில் நான் என்ன வாங்கினேன் என்று கேட்பீர்கள். பழைய ஆக்டேவியா ஒன்று, இந்தியாவில் விற்ற மூன்றாம் தலைமுறை, 2 லிட்டர் டீசல், ஆறு கியர், 143 குதிரைத்திறன். பார்க்கச் செடான் போல இருக்கும், ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு மேலே திறக்கும். உள்ளே 590 லிட்டர். என் காம்பியைவிட இருபது லிட்டர்தான் குறைவு. சக்கர நாற்காலி படுக்கை வசமாகப் போய்விடுகிறது. வேகன் கிடைக்கவில்லையே என்று தேடுகிறவர்கள் இதைப் பார்க்கலாம். பராமரிப்புப் பதிவேடு முழுதாக இருக்கிற, ஒரே ஆள் வைத்திருந்த வண்டியாகத் தேடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் கிடைக்கிறது. பழைய வண்டியின் வேகம் இதில் இல்லை. கூரை பின்னால் சரிவதால் உயரமான சாமானும் ஏறாது. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனாலும் இது புதிதாக இனி வராத வண்டி. ஆக்டேவியாவின் வழக்கமான விற்பனையே 2023-இல் இங்கே நின்றுவிட்டது. இருக்கிற பழையவை தேய்ந்து தீர்ந்த பிறகு அடுத்து வருகிறவர்கள் எதை வாங்குவார்கள்? சென்னையைச் சுற்றி இத்தனை கார்த் தொழிற்சாலைகள் வைத்திருக்கிற மாநிலம் நம்முடையது. நிறுவனங்களிடம் யாராவது கேட்க வேண்டும். வாசகர்களின் கேள்வியைத் தங்கள் நாளிதழ் கொண்டுபோய்ச் சேர்த்தால் அதற்கு ஒரு கனம் உண்டு.

இன்னொன்றும் கேட்கிறேன். வாகனப் பக்கத்தில் புதுக் காரை விமர்சிக்கும்போது திரையின் அகலம், சன்ரூஃப், விளக்கின் வடிவம் எல்லாம் வருகின்றன. அவற்றோடு டிக்கி வாசல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்இருக்கையை மடக்கினால் தளம் எத்தனை அடி நீளம், அது தட்டையாக இருக்குமா என்ற மூன்று விவரங்களையும் அளந்து போடுங்கள். ஒரு டேப் இருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அம்மா போன்றவர்கள் முதலில் படிக்கப் போவது அந்த மூன்று வரிகளைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை