கிளேரில் ஓட்டுப் போட்டவர்கள் என்ன ஆனார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓ'கானல் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். 1828 இடைத்தேர்தலில் அயர்லாந்தின் கிளேர் கவுன்டித் தொகுதியில் அவர் ஜெயித்ததும், மறு ஆண்டே கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவு திறந்ததும் விறுவிறுப்பாக வந்திருக்கின்றன. ஆனால் ஓட்டுப் போட்ட குடியானவர்களைக் கட்டுரை பாதி வழியில் விட்டுவிட்டது.

அந்த நாளில், குத்தகைப் பணம் போக ஆண்டுக்கு 40 ஷில்லிங் மிஞ்சுகிற நிலம் ஆயுள் குத்தகையில் இருந்தால் ஓட்டு உண்டு. 1793இல் இந்த உரிமை கத்தோலிக்கர்களுக்கும் வந்ததும், நிலச்சுவான்தார்கள் நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு ஓட்டுகளைப் பெருக்கிக்கொண்டார்கள். 1872 வரை ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. யாருக்கு ஓட்டு என்பதை எல்லோர் எதிரிலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாக்கி வைக்காத குத்தகைக்காரர் அபூர்வம். அதனால் சொன்ன பேச்சைக் கேட்காதவரைக் கிளப்பிவிடக் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தப் பயத்தை மீறித்தான் அவர்கள் பாதிரியார்கள் முன்னே நடக்க, பச்சைக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு, வாக்கெடுப்பு நடந்த என்னிஸ் நகருக்கு வந்தார்கள். தேர்தல் முடியும்வரை சாராயத்தைத் தொடுவதில்லை என்று கட்டுப்பாடு வேறு. (இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம்மூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டுமா!) ஓ'கானலுக்கு 2,057 ஓட்டு, எதிர்த்து நின்ற வில்லியம் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982. கட்டுரை இவரை வில்லன்போலக் காட்டுவது சரியில்லை. கத்தோலிக்கர்களுக்கு உரிமை தரவேண்டும் என்ற கட்சிதான் அவரும். அமைச்சரானதால் அன்றைய விதிப்படி மறுபடி தேர்தலில் நிற்க வேண்டியதாயிற்று.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. 1829 ஏப்ரலில், நாடாளுமன்றக் கதவைத் திறந்த கத்தோலிக்கர் விடுதலைச் சட்டத்தோடு இன்னொரு சட்டமும் வந்தது. ஓட்டுக்கான தகுதி 40 ஷில்லிங்கிலிருந்து, அதாவது 2 பவுண்டிலிருந்து, 10 பவுண்டாக ஏறியது. அயர்லாந்துக் கவுன்டிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேலிருந்த வாக்காளர்கள் சுமார் 37,000 ஆகக் குறைந்தார்கள். ஓ'கானல் எதிர்த்துப் பேசினார், ஆனால் மறித்து நிற்கவில்லை. விடுதலைக்கு ஈடாக இந்த ஓட்டுகளை விட்டுக்கொடுக்கும் பேரத்துக்கு 1825லேயே தலையாட்டியவர்தானே!

அந்த மே மாதம் அவர் மக்களவைக்குப் போனபோது, புதிய சட்டம் அதற்குப் பின் தேர்வானவர்களுக்குத்தான் என்று சொல்லி, கத்தோலிக்க நம்பிக்கைகளை மறுக்கிற பழைய உறுதிமொழியை நீட்டினார்கள். அதில் ஒரு பகுதி பொய் என்று தெரியும், இன்னொரு பகுதி உண்மை என்று நம்பவில்லை என்று மறுத்துவிட்டார். ஜூலையில் கிளேரில் மறுபடி நின்று, போட்டியின்றித் தேர்வானார். வாக்கெடுப்பு நடந்திருந்தாலும், முந்தைய ஆண்டு அவரை ஜெயிக்கவைத்த குடியானவர்களில் பெரும்பாலோரால் ஓட்டுப் போட்டிருக்க முடியாது.

1885இல் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகும்வரை கிளேர் ஒரே தொகுதியாகத்தான் இருந்தது. அதுவரையான கதையையும் கட்டுரையாளர் எழுதலாம். 1852 தேர்தலில் நிலச்சுவான்தாரின் குத்தகைக்காரர்களை ஓட்டுப் போட அழைத்துவந்த சிப்பாய்கள், சிக்ஸ்மைல்பிரிட்ஜில் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் பலர் செத்தார்கள். அதை விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.