மணல் மூடிய வயல்களுக்கும் மறுசீரமைப்பு நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது, எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைக் காட்டிலும் இது அதிகம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கித் தவித்ததும், கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் புகுந்ததும் அப்போதே பக்கம் பக்கமாகச் செய்தியாயின. அவற்றைத் திரும்பச் சொல்வது என் நோக்கமன்று. தாமிரபரணி வெள்ளம் வடிந்து ஈராண்டு ஆகியும் என் வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் கிடக்கும் மணலைப் பற்றியும், அதை அகற்றப் போதிய நிதி ஏன் எங்களை எட்டவில்லை என்பதைப் பற்றியுமே எழுதுகிறேன்.

நிவாரணமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை மூலம் வழங்கப்பட்டது. எங்கள் வீட்டுக்கும் கிடைத்தது. பயிர்ச் சேதத்துக்கான தொகையும் பிறகு வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய வாழை குலையோடு சாய்ந்து போன நிலையில், அந்தப் பணம் கைமாற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைக்க உதவியது. ஆனால் அது போன பயிருக்கான பணம். அடுத்த பயிர் வைப்பதற்கு நிலம் வேண்டுமே! தண்ணீர் வடிந்த நான்காம் நாள் வயலுக்குப் போனபோது வரப்பு எங்கே இருந்தது என்பதே தெரியவில்லை. வாய்க்கால் ஓரத்தில் நட்டிருந்த எல்லைக்கல்லின் தலை மட்டும் மணலுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. கம்பியைக் குத்திப் பார்த்தால் ஓரிடத்தில் முக்கால் அடி, மற்றோரிடத்தில் ஒன்றேகால் அடி. சராசரியாக ஓரடி மணல்.

மத்திய அரசின் 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிமுறைகளில் விளைநிலத்தின் மணலை அகற்றுவதற்கென்று ஓர் இனம் உண்டு. மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். மூன்றரை அங்குலத்துக்கும் அதே தொகை, மூன்று அடிக்கும் அதே தொகை. இதை ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் 7,300 ரூபாய் வரும். ஓர் ஏக்கரில் ஓரடி மணல் என்பது 43,560 கன அடி, அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் ஏறத்தாழ 435 யூனிட். மூன்று யூனிட் கொள்ளும் டிப்பர் லாரியில் அள்ளினால் 145 லோடு. ஆக, ஒரு லோடு மணலைப் பொக்லைன் வைத்து அள்ளி, ஏற்றி, வயலைவிட்டு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அரசு மதிப்பிட்டிருக்கும் செலவு ஐம்பது ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஒருமுறையாவது டீசல் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பணம் ஒருபுறமிருக்க, அனுமதி இன்னொரு முட்டுக்கட்டை. பட்டா நிலத்தில் கிடந்தாலும் மணல் கனிமம்தான்; அனுமதிச் சீட்டு இல்லாமல் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுசெல்ல முடியாது. மணல் கொள்ளையைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு தேவை என்பதை ஆற்றங்கரையில் குடியிருக்கும் எங்களைவிட யாரும் அதிகம் உணர்ந்திருக்க முடியாது. எனினும் ஆறு கொண்டுவந்து போட்ட மணலை அள்ள மனுக் கொடுத்து, ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் அலைந்த பிறகு, வயலின் ஒரு மூலையில் மணலைக் குவித்து வைத்துவிட்டு மிச்ச நிலத்தில் மட்டும் கன்று நட்டேன். இரண்டு ஏக்கரில் இப்போது விளைவது ஒன்றேகால் ஏக்கர்.

தமிழ்நாடு அரசு மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்குமாகச் சேர்த்து மத்திய அரசிடம் கோரியது சுமார் 37,907 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான தன் பங்கான 900 கோடியை ஏற்கெனவே அளித்துவிட்டதாக மத்திய அரசு கூறுகிறது. யார் சொல்வது நியாயம் என்ற வாதம் தொலைக்காட்சி விவாதங்களில் போதுமான அளவு நடந்துவிட்டது. அந்த வாதத்தில் விடுபட்டுப்போன ஒன்று உண்டு. மத்திய, மாநில அரசுகளிடையே நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதி ஆணையம், பேரிடர் மேலாண்மைக்கென ஒதுக்கும் தொகையில் உடனடி நிவாரணத்துக்கு 40 விழுக்காடும், மீட்சிக்கும் மறுகட்டமைப்புக்கும் தனியாக 30 விழுக்காடும் வகுத்துக் கொடுத்தது. சோறும் பாயும் ஒரு கணக்கு, வயலும் குளக்கரையும் இன்னொரு கணக்கு என்று பிரித்த அந்த ஏற்பாடு அறிவார்ந்தது. ஆனால் அந்த இரண்டாம் கணக்கைத் திறக்க, பேரிடருக்குப் பிந்தைய தேவைகளை ஊர்வாரியாக, துறைவாரியாக அளந்து மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். எங்கள் வயலில் நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் சாய்ந்த வாழையை எண்ணினார்கள். மணலின் ஆழத்தை அளக்கவில்லை. அளக்காத இழப்புக்கு எந்த அரசும் பணம் தராது.

குளங்களின் கதையும் இதுதான். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டையும் அதன் வடகால், தென்கால் வாய்க்கால்களையும் நம்பியே இப்பகுதிக் குளங்கள் நிரம்புகின்றன. உடைந்த கரைகளுக்கு நிவாரண விதியின்படி உடனடித் தன்மையுள்ள சீரமைப்பை மட்டுமே செய்யலாம். நடைமுறையில் அது மணல் மூட்டைதான். கரையை அகலப்படுத்தி, உபரி நீர் வெளியேறும் மறுகாலையும் பாசன மடையையும் ஒழுங்காகக் கட்ட வேண்டுமானால் மறுகட்டமைப்பு நிதிதான் வர வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஐப்பசியிலும் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

குத்தகை விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். இங்கே பலர் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறவர்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும் பதிந்தவர்கள் சிலரே. யார் என்ன பயிரிடுகிறார் என்பதைக் குறிக்கும் அடங்கல் பதிவேட்டில் பெயர் இல்லாததால் நிவாரணம் பட்டாதாரருக்குப் போகிறது. மணலை அள்ளுகிறவர் குத்தகைதாரர். நல்ல மனமுள்ள நில உரிமையாளர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதை அவரவர் மனத்துக்கு விட்டுவைப்பது முறையாகாது.

எனவே மாநில அரசு, கீழ்த் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் மணல் படிந்த நிலங்களையும் சேதமடைந்த குளக்கரைகளையும் கிராம நிர்வாக அலுவலர், வேளாண் அலுவலர், பொதுப்பணியில் அனுபவமுள்ள பொறியாளர் ஆகியோர் சேர்ந்த குழுக்களைக் கொண்டு அளந்து, அந்த மதிப்பீட்டை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டிவிட்டு, மறுகட்டமைப்பு நிதியைக் கோர வேண்டும். மத்திய அரசு 18,000 ரூபாய் என்ற ஒரே அளவை மாற்றி, படிவின் ஆழத்துக்கேற்ப தொகையை நிர்ணயிக்க வேண்டும். பேரிடரில் படிந்த மணலுக்கு மட்டும் வட்ட அளவிலேயே, குறித்த கெடுவுக்குள் அனுமதி தரலாம். அள்ளிய மணலை அரசே எடுத்துக்கொண்டாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. 15-ஆவது நிதி ஆணையத்தின் காலம் 2026 மார்ச் மாதம் வரைதான். இனியும் தாமதிக்காமல் அளவெடுப்பாவது தொடங்கப்பட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.