நம் அலைச்சறுக்குச் சங்கத்தின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"சேலத்துல எங்கய்யா கடல்?" என்று இந்த ஆண்டும் கேட்டார்கள். கேட்கட்டும். ஏற்காடு ஏரியில் படகுதான் விட முடியும். அதனால் நமக்கு எழும்பூர் போகும் ராத்திரி ரயில்தான் துணை.

மூன்று முறை போனோம். முதலில் கோவளம். புதியவர்கள் பலகைமேல் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் அலைக்கு நாலு பேர் பாய்கிறார்கள். ஆகவே அடுத்த இரண்டு முறையும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஆளரவமில்லாத ஒரு மணல் கரைக்குப் போனோம். ஊர்ப் பெயரை அறிக்கையில் எழுதக் கூடாது என்று செயற்குழு சொல்லிவிட்டது.

ஜூனில் அங்கே அலை இடுப்பளவுதான். கரையிலிருந்து தள்ளி ஒரு மணல்திட்டில் உடைந்து நீளமாக வந்தது. விடியற்காலையில் தரைக்காற்று, பத்து மணிக்குக் கடற்காற்று ஏறியதும் எல்லாம் கலைந்துவிட்டது. ஜனவரியில் அதே இடத்துக்குப் போனால் திட்டையே காணோம். வடகிழக்குப் பருவமழைக் கடல் வாரிக்கொண்டு போயிருந்தது. அலை நேராகக் கரையிலேயே மடேரென்று விழுந்தது. சங்கத்தின் ஒன்பதடிப் பலகைக்கு மூக்கு உடைந்தது அன்றுதான்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் பிப்ரவரிக் கூட்டத்தில் தடுப்புத் தீவுகளைப் பற்றிப் பேசினோம். கரைக்கு இணையாக, நடுவே காயல் விட்டு நீளும் மணல் மேடுகள் அவை. நமக்குப் பக்கத்தில் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. அங்கே ராக்கெட் ஏறும், நம் பலகை ஏறாது. அமெரிக்காவில் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகளில் கூட்டமில்லாத அலைகளைத் தேடிப் போகிறார்கள். அங்கும் ஒவ்வொரு புயலுக்கும் திட்டு இடம் மாறும். கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால் கேப் ஹாட்டெராஸ் கலங்கரை விளக்கத்தையே 1999இல் சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். நாம் போன வருஷத்துத் திட்டைத் தேடியது எவ்வளவு வெகுளித்தனம்!

சரி, புதிய விதி இதுதான். இறங்கும் முன் இருபது நிமிடம் கரையில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கலங்கலாகத் தெரிந்தால் அது இழுப்பு, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம். சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். ஆளில்லாத கரையில் தூக்கிவிடவும் ஆளில்லை என்பதால், யாரும் தனியாகப் போகக் கூடாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பலகையின் மூக்கை நானே ரெசின் பூசி ஒட்டியிருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை, தண்ணீர் புகாது.

செயலாளர்