பேட்டரியைச் செருகும் முன்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய, உன் ரிமோட் கண்ட்ரோல் விமானத்தின் வீடியோவை நான்கு முறை பார்த்தேன். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய மோட்டார், தெர்மாகோலை அறுத்து நீயே செய்த இறக்கை, எல்லாம் அழகாக வந்திருக்கிறது. இறக்கையின் வளைவைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பொறுமையைப் பார்த்து மனசு நிறைந்தது.

ஆனால் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு கையால் விமானத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேட்டரியைச் செருகுகிறாய். ப்ரொப்பெல்லர் மாட்டியபடியே இருக்கிறது. அதற்கு அரை அடி தள்ளி உன் தங்கையின் முகம். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போனில் சொன்னால் "சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இந்த வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இங்கே போடுகிறேன்.

என் இடது ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்திருக்கிறாய். எப்படி வந்தது என்று சொன்னதில்லை. மைதானத்தில் பேட்டரியைச் செருகிவிட்டு, அதன் மூடியைச் சரிசெய்யக் குனிந்தேன். கையில் வைத்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரின் கழுத்துப் பட்டை, மோட்டார் வேகத்தைக் கூட்டும் திராட்டில் குச்சியில் பட்டது. அவ்வளவுதான். பெட்ரோல் இன்ஜின் என்றால் தடை வந்ததும் நின்றுபோக வாய்ப்புண்டு. மின்மோட்டார் தடை வந்தால் இன்னும் கூடுதலாக மின்சாரம் இழுத்துச் சுற்றப் பார்க்கும். விரல் என்றும் பார்க்காது.

அதனால் முதல் விதி: வீட்டுக்குள் ப்ரொப்பெல்லர் மாட்டவே கூடாது. வால், இறக்கை மடிப்புகளை அசைக்கும் சர்வோ எந்தப் பக்கம் அசைகிறது, மோட்டார் சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்க்க அது தேவையே இல்லை. முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய், திராட்டில் அடிமட்டத்தில் இருக்கட்டும், அப்புறம்தான் பேட்டரி. கழற்றும்போது முதலில் பேட்டரி, கடைசியில் டிரான்ஸ்மிட்டர். பேட்டரி செருகிய நொடியிலிருந்து அந்த ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொள். அதற்கு முன்னாலும் நிற்காதே, பக்கவாட்டிலும் நிற்காதே. இன்னொன்று: மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார். மோட்டார் நிற்க வேண்டும். விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர்களில் சில, கடைசியாகக் கிடைத்த திராட்டிலையே பிடித்துக்கொண்டிருக்கும். உன்னுடையது அப்படி என்றால் சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபைச் சரியாக அமைக்காமல் பறக்கவிடாதே.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். 2200 கே.வி. மோட்டாரில் 10 அங்குல ப்ரொப்பெல்லர் போட்டிருக்கிறாய். கே.வி. என்பது சக்தியின் அளவு இல்லை. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுதாக ஏறினால் 12.6 வோல்ட். பெருக்கிப் பார், 27,000 சுற்றுக்கு மேல் போகிறது. அந்த வேகத்துக்கு ஓடப் பார்க்கும் மோட்டாரின் மேல் 10 அங்குலத்தை ஏற்றினால் காற்று விடுமா? சுற்றும் வேகம் இரட்டித்தால் ப்ரொப்பெல்லருக்கு எட்டு மடங்கு சக்தி தேவை. மோட்டார் அத்தனையையும் பேட்டரியிலிருந்து இழுக்கும், நடுவில் மாட்டிக்கொள்வது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உன் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. அது கருகினால் மோட்டார் மட்டும் நிற்கும் என்று நினைக்காதே. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுப்பதும் அதற்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சின்ன மின்சுற்றுதான். அதுவும் போனால் விமானம் உன் பேச்சைக் கேட்காது, யார் தலையில் விழும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த மோட்டாருக்கு 6 அங்குலம் போதும். 10 அங்குலம்தான் வேண்டுமென்றால் 1000 கே.வி. பக்கம் போ. எதைப் போட்டாலும் பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் மின்சாரத்தை அளக்கும் வாட் மீட்டர் வைத்து, விமானத்தை இறுகக் கட்டிவிட்டு, முழு திராட்டிலில் சில நொடி அளந்து பார். ஈ.எஸ்.சி.யின் 30-க்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும்; 24 ஆம்பியரைத் தாண்டினால் ப்ரொப்பெல்லரைச் சின்னதாக்கு. பேட்டரி மேல் போட்டிருக்கும் '25சி'யை (கொள்ளளவைப் போல 25 மடங்கு மின்சாரம் தரும் என்ற கணக்கு) நம்பி 55 ஆம்பியர் கிடைக்கும் என்று கணக்குப் போடாதே. நான் அதில் பாதியைத்தான் நம்புவேன்.

சார்ஜ் விஷயம். உன் 2200 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் வயரையும் மாட்டித்தான். கட்டில் மேல் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் ஒரு பெரிய மண்சட்டி வாங்கி பால்கனியில் வைத்து அதற்குள் சார்ஜ் போடு. தீப்பிடித்தால் கொட்டப் பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பறக்காத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திரு. வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் விட்டுவிட்டுப் போகாதே. உப்பியிருந்தால் அந்த பேட்டரியோடு உறவு முடிந்தது, காசு போனாலும் பரவாயில்லை, நான் வாங்கித் தருகிறேன்.

அல்சூர் மொட்டை மாடியிலிருந்து விடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. ஒரு பக்கம் எச்.ஏ.எல். விமான நிலையம், கீழே முழுக்க ஜனங்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் எங்கே பறக்கலாம் என்று பார்த்துவிட்டு இடம் தேடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாட் மீட்டரோடு வருகிறேன். அதுவரை ப்ரொப்பெல்லரையும் அதன் நட்டையும் ஒரு டப்பாவில் போட்டு உன் அம்மாவிடம் கொடுத்து வை.

அன்புடன்,
மாமா